மலிவாவே வாங்கு, மாப்ள

வா மாப்ள, உக்காரு. உன் நெட்டு கஸ்டமர் வீட்டுல வைக்கப் புதுசாப் பெட்டி வாங்கப் போறயாமுல்ல? வாங்கு. இருக்கறதுலயே மலிவானதாப் பாத்து வாங்கு. மூணு வியாபாரிகிட்ட மூணு மாடல் எடு. ஒண்ணுக்கொண்ணு சேராம இருந்தா இன்னும் விசேஷம். பெட்டிக்கு முன்னூறு ரூபா மிச்சம் பிடிச்சு, அதை அப்படியே பெட்ரோல் பங்குல கொண்டுபோய்க் கட்டு. நெட்டு ஸ்லோன்னு ஒருத்தன் கூப்பிட்டா உசிலம்பட்டிக்கு ஒரு ஓட்டம், பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு இன்னொருத்தன் கூப்பிட்டா பேரையூருக்கு ஒரு ஓட்டம். பங்குக்காரனும் பிழைக்கணும்ல.

1993-ல சன் டிவி வந்த புதுசுல, இந்தத் தெருவுக்கு வேப்பமரத்துல இருந்து வேப்பமரத்துக்குக் கேபிள் இழுத்தவன் நான். அப்ப எங்களுக்கு வீட்டு வாசலோட வேலை முடிஞ்சுச்சு. டிவி கெட்டா மெக்கானிக் வருவான்; மாசக்காசு வந்தா நமக்குப் போதும். உனக்கு அந்தக் குடுப்பினை இல்ல. பீரோ மேல தூசி பிடிச்சு உக்காந்திருக்கற ஃபைபர் பெட்டி, அதான் ஓஎன்யூ, கஸ்டமர் வீட்டுல இருந்தாலும், கெட்ட பேரு உனக்குத்தான். நெட்டு நின்னா பெட்டி செஞ்ச கம்பெனியை எவன் திட்டுறான்? உன்னையத்தான் திட்டுறாய்ங்க, கூடவே கேபிள் போட்ட குத்தத்துக்கு என்னையும்.

சரி, கேக்கறதுன்னா கேளு. பெட்டியைத் திருப்பிப் பின்னாடி பாரு. லேன் போர்ட்டு 100 எம்பியா, 1000மா? முக்குக்கு முக்கு 300 எம்பி பிளானுன்னு பேனர் கட்டி வச்சிருக்க. போர்ட்டு 100-ஆ இருந்தா, கம்ப்யூட்டர்ல ஒயரைச் சொருகி ஸ்பீடு டெஸ்ட் போடுறவனுக்கு 95-க்கு மேல ஏறாது. குலசாமிக்குக் கிடா வெட்டுனாலும் ஏறாது. வைஃபை 2.4 மட்டும் உள்ள பெட்டியா? அதுல ஒண்ணு மேல ஒண்ணு விழாத சேனல் 1, 6, 11-ன்னு மூணே மூணு. கடைத்தெருவுல முப்பது கடையும் அந்த மூணுக்குள்ளதான் முட்டிக்கிட்டு நிக்கணும். 5 கிகாஹெர்ட்ஸ்ல இடம் தாராளம், ஆனா நம்ம ஊரு பழைய வீட்டுச் சுவரைத் தாண்டச் சொன்னா அதுக்குப் பாதி உசுரு போயிரும். ரெண்டும் உள்ளதாப் பாத்து வாங்கு.

அதைவிட முக்கியம், உன் ஆபீஸ்ல இருந்து எல்லா ஓஎன்யூவையும் ஆட்டி வைக்கற ஓஎல்டி பேசுற பாஷை பெட்டிக்குத் தெரியுதாங்கறது. 'எக்ஸ்பான் சார், எதுக்கும் சேரும்'பான் வியாபாரி. சேரும், பச்சை லைட்டும் எரியும், படமும் ஓடும். ஜிபான்ல ஓஎல்டி ஓஎன்யூவுக்கு உத்தரவு போடுற ஓஎம்சிஐ வழியா லைன் நிக்கும், விஎல்ஏஎன் இறங்கும். வைஃபை பாஸ்வேர்டை ஆபீஸ்ல இருந்து மாத்தணும்னு போனாத்தான் சங்கதி வெளிய வரும்: பாஸ்வேர்டு மாத்தற வழி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே கம்பெனி ஓஎல்டி, ஓஎன்யூன்னா எப்படியாவது நடக்கும். மூணு மாடல் வாங்குன மகராசன் பைக்கைத்தான் எடுக்கணும்.

இதுக்குத்தான் டிஆர்-069-னு ஒரு ஏற்பாடு இருக்கு. 2004-ல டிஎஸ்எல் ஃபோரம் எழுதி வச்சது. இப்ப அதுக்குப் பேரு பிராட்பேண்ட் ஃபோரம். பெட்டியைத் தேடி நீ போக வேண்டாம். பெட்டியே உன் ஆபீஸ்ல இருக்கற ஏசிஎஸ் சர்வரைத் தேடி வந்து, இன்ன சீரியல் நம்பர், இன்ன ஃபர்ம்வேர், உசுரோட இருக்கேன்னு ஆஜர் குடுக்கும். அப்ப நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிரலாம். சர்வருக்குக் காசு ஏதுன்னு மூக்கைச் சிந்தாத. ஜீனிஏசிஎஸ் இருக்கு, ஓப்பன் சோர்ஸ், ஓசி. ஓசின்னதும் முகத்துல களையைப் பாரு! அதுக்கு வாரிசா 2018-ல வந்த டிஆர்-369 இருக்குன்னு சொல்லி ஒருத்தன் விலை ஏத்துவான். முதல்ல 069 ஒழுங்கா வேலை செய்யட்டும்.

அட்டையில 'டிஆர்-069'னு அச்சடிச்சிருக்குன்னு மொத்தமா அள்ளிட்டு வந்துராத. சந்தையில மாட்டோட பல்லைப் பாக்காம எவனாவது கயிறு மாத்துவானா? சாம்பிளுக்கு ரெண்டு வாங்கி உன் ஏசிஎஸ்ல சேரு. பாஸ்வேர்டு மாத்து, ரீபூட் அடி, ஃபர்ம்வேர் ஏத்து. எந்தப் போனுக்கு எவ்வளவு சிக்னல் போகுது, ஃபைபர்ல எத்தனை டிபிஎம் வருதுன்னு படிச்சுப் பாரு. நேத்து மைனஸ் 19-ல இருந்த வீடு இன்னைக்கு மைனஸ் 26-ல நின்னா எங்கயோ கேபிள் மடங்கியிருக்கு. ஸ்ப்லைசிங் மெஷினோட ஆளை அனுப்பு. மைனஸ் 19-லயே நிக்குது, ஆனா போனுக்குச் சிக்னல் இல்லையா? பெட்டியைப் பூசையறை மாடத்துல ஒளிச்சு வச்சிருப்பாய்ங்க. அதுக்கு ஆள் வேண்டாம், பேச்சுப் போதும். நல்ல பெட்டின்னா கரண்டு போற நொடியில 'டையிங் காஸ்ப்'னு ஒரு கடைசிச் சேதி அனுப்பிட்டுத்தான் அணையும். அந்தச் சேதி வந்தா கரண்டு போயிருக்கு. வராமலே அணைஞ்சா வைக்கோல் லாரி உன் கேபிளை இழுத்துட்டுப் போயிருக்கு. ஆடி மாசக் காத்துல இந்த ஒரு சேதிக்கே பெட்டிக்குப் போட்ட காசு திரும்பிரும்.

பள்ளிக்கூடத்துப் பய ஒருத்தன் ஊக்கை எடுத்து ரீசெட் ஓட்டையில குத்துவான். குத்தாத வீடு உண்டா? நெட்டுக்குள்ள நுழையற பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் காலி. ஏசிஎஸ்ஸுக்கு வர்ற பாதையும் அந்த பிபிபிஓஇ-க்குள்ளயே இருந்துச்சுன்னு வை, பெட்டியால உன்னைக் கூப்பிடக்கூட முடியாது. நிர்வாகத்துக்குத் தனி விஎல்ஏஎன் போடு, அதுல டிஹெச்சிபி-யில ஐபி வாங்கட்டும். ரீசெட் ஆனாலும் அந்த விஎல்ஏஎன் ஓஎல்டி-யில இருந்து தானா இறங்கணும், இல்லைன்னா கம்பெனி ஃபர்ம்வேர்லயே பதிஞ்சிருக்கணும். ஆர்டர் போடுறப்பவே இதைக் கேளு. காசு குடுத்த பிறகு கேட்டா வியாபாரி போனை எடுக்க மாட்டான்.

சொந்தமா ரௌட்டர் வாங்கி வச்சிருக்கற வாத்தியாருக்கு ஓஎன்யூவை பிரிட்ஜ்ல போட்டுக் குடுத்துட்டு ஒதுங்கிரு. அவரு எப்படியும் உன்னையத்தான் கூப்பிடுவாரு, அது வேற.

ஏசிஎஸ்ல இருந்து பெட்டிக்குள்ள நீ போற வழியில வேற எவனும் போகாம இருக்கானான்னும் பாரு. 2016 நவம்பர்ல ஜெர்மனியில டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர் ஏறக்குறைய 9 லட்சம் பேருக்கு நெட்டு நின்னுபோச்சு. மிராய்ங்கற கிருமியோட வாரிசு ஒண்ணு, 7547 போர்ட்டு ஊருலகத்துக்கே திறந்து கிடக்குன்னு மோப்பம் பிடிச்சு வந்துச்சு. டிஆர்-069-க்குப் பெட்டி காது குடுக்கற போர்ட்டு அதுதான். கூத்தைக் கேளு: அந்தப் பெட்டிகளுக்குள்ள அதால குடியேறவே முடியலை. வந்த தொல்லை தாங்காமலே பெட்டியெல்லாம் மயங்கிருச்சு. பிடிபட்டவன் இங்கிலாந்துக்காரன். லைபீரியாவுல ஒரு டெலிகாம் கம்பெனி, போட்டிக் கம்பெனியைக் கவுக்கக் காசு குடுத்துச்சுன்னு கொலோன் கோர்ட்டுல சொன்னான். ஆப்பிரிக்காவுல ரெண்டு பேருக்குத் தொழில் போட்டி, நெட்டு போனது ஜெர்மன்காரனுக்கு. பங்காளிச் சண்டை நம்ம பக்கம் மட்டும்தான்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அதனால 7547-ஐ உன் ஏசிஎஸ் முகவரிக்கு மட்டும் திற. எல்லாரும் ஒரே ஐபியைப் பல வீடு பங்கு போடுற சிஜிநாட்டுக்குப் பின்னாடிதான் இருக்காய்ங்கன்னு நெஞ்சை நிமித்தாத. உன் வலைக்குள்ளயே ஒரு பெட்டி கெட்டா, அது பக்கத்து வீட்டுப் பெட்டியைச் சுரண்டும். மிராய் முதல்ல கிளம்புனப்ப அதுகிட்ட இருந்த பாஸ்வேர்டு பட்டியல்ல இருந்தது அறுபத்துச் சொச்சம்தான். அதை வச்சே லட்சக்கணக்குல பெட்டியைப் பிடிச்சுச்சு. உன் லைன்மேன் எல்லாப் பெட்டிக்கும் குலசாமி பேரையே அட்மின் பாஸ்வேர்டா போடுறானாம். பக்தியை மெச்சுறேன். ஆனா பெட்டிக்கு ஒண்ணா ஏசிஎஸ்ஸே மாத்தி வைக்கும், அதைச் செய்யச் சொல்லு.

இன்னொண்ணு. ஏசிஎஸ்ஸைத் திறந்தா யார் வீட்டு வைஃபையில யார் போனு ஒட்டியிருக்குன்னு பேரோட தெரியும். மளிகைக்கடைக்காரன் போனு ராத்திரி பதினொரு மணிக்கு வேற தெருவுல இருந்தா, அது உன் லைனோட பழுது இல்ல. நீ பாக்கலை. கவுண்டர்ல உக்காந்திருக்கற பயலுக்கு முழு லாகின் குடுக்காத; ஆளுக்கு ஒரு லாகின், யார் எதைத் தொட்டான்னு பதிவு இருக்கணும். மாமியார் போனை மட்டும் கட் பண்ணுன்னு மருமக கேட்டா, பதிஞ்ச நம்பர்ல இருந்து கூப்பிடச் சொல்லு. பதிஞ்ச நம்பர் மாமியாரோடதா இருக்கும். பிரச்சினை அதோட முடிஞ்சிரும்.

ஃபர்ம்வேர் ஏத்துறப்பத்தான் உன்னைய மாதிரி இளந்தாரிகளுக்குக் கை துறுதுறுங்கும். ஒரே சொடுக்குல மொத்த ஊருக்கும் ஏத்துனா நாலு தெரு சேந்து உன் வீட்டு வாசல்ல நிக்கும். பாதியில கரண்டு போனா சில பெட்டி அப்புறம் எந்திரிக்கவே எந்திரிக்காது. ஃபர்ம்வேருக்கு ரெண்டு இடம் வச்ச பெட்டின்னா பழசுக்குத் திரும்பும். மலிவுப் பெட்டியில அது உண்டான்னு கேட்டா வியாபாரி விட்டத்தைப் பாப்பான். பேப்பர்ல 'நாளைய மின்தடை' பாத்துட்டு நாள் குறி. அந்த மின்தடை முடிஞ்சு சாயங்காலம் கரண்டு வந்ததும் அத்தனை பெட்டியும் ஒண்ணா முழிச்சு, லாகின் சரிபாக்கற ரேடியஸையும் ஏசிஎஸ்ஸையும் மொய்க்கும். அதுக்கும் சர்வரைத் தயாரா வை. ஆஜர் குடுக்கறதையும் நிமிசத்துக்கு ஒருக்கான்னு வைக்காத, மணிக்கு ஒருக்கா போதும்.

முதல்ல பத்து வீட்டுல ஏத்திட்டு ஒரு வாரம் பொறு. எந்தப் பத்துன்னு யோசிக்காத. உன் ஆபீஸ், உன் வீடு, உன் மச்சினன் வீடு, கடன் சொல்லியே ஓட்டுற ஏழு பேரு. நம்ம வீட்டை மட்டும் அந்தப் பட்டியல்ல சேத்துராத. ராத்திரி சீரியல் நடுவுல நின்னா உங்க அத்தை கஸ்டமர் கேருக்கா போன் பண்ணுவா? நேரா உங்க அம்மாவுக்குத்தான் பண்ணுவா.