மோட்டுவளை அரசியல்

நம் வீடுகளில் கூரையின் நட்ட நடுப் புள்ளி மின்விசிறிக்குச் சொந்தம். கான்கிரீட் போடும்போதே அதற்கென்று ஒரு கொக்கியைப் புதைத்து, பட்டா எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். விளக்கு ஓரமாக ஒண்டுக்குடித்தனம் நடத்த வேண்டியதுதான். இதை மறந்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் சாண்ட்லியர் கேட்கிறார்கள்.

என் மனைவியும் அதைத்தான் கேட்டாள். சினிமாவில் பணக்கார அப்பா கோட்டு போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது தலைக்கு மேல் தொங்குமே, அது. "நம்ம ஃபிளாட்டுக்குப் படி லிஃப்ட் பக்கத்துலதானே இருக்கு?" என்றேன். எங்கள் கூரையோ பத்தடிக்கும் குறைவு. மே மாதச் சென்னையில் மின்விசிறியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கொத்தை மாட்டத் துணிந்தவர் யாராவது இருந்தால் நேரில் பார்த்துக் கும்பிட ஆசை.

அந்தக் காலத்து 60 வாட் குண்டு பல்ப் கொடுத்த வெளிச்சத்தை இன்றைக்கு 9 வாட் எல்.இ.டி. கொடுத்துவிடுகிறது. நீல எல்.இ.டி.யை உருவாக்கிய, ஜப்பானில் பிறந்த மூன்று ஆராய்ச்சியாளர்களுக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நியாயம்தான். ஆனால் அதிலிருந்து கிளம்பிய வெள்ளை வெளிச்சத்தில் எந்த வெள்ளை ஹாலுக்கு வேண்டும் என்று மாமியாரையும் மருமகளையும் ஒத்துப்போக வைக்கிறவருக்கு அமைதிக்கான பரிசையே தரலாம்.

அம்மாவின் கட்சி 6500 கெல்வின். பளீர் வெள்ளை. அரிசியில் கல் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மனைவியின் கட்சி 3000. ஸ்டார் ஓட்டல் வரவேற்பறையின் இதமான மஞ்சள். கடையில் அதைப் போட்டுக் காட்டியதும் அம்மா என் முகத்தை உற்றுப் பார்த்து, "எதுக்கும் கீழாநெல்லி சாப்பிடுடா" என்றாள்.

கடைக்காரர் அனுபவஸ்தர். மூன்று நிறம் காட்டும் பேனல் ஒன்றை எடுத்து வைத்தார். சுவிட்சை அணைத்து உடனே போட்டால் மஞ்சள் வெள்ளையாகும். இன்னொரு தடவை போட்டால் இரண்டுக்கும் நடுவில் ஒன்று. இப்போது அம்மா ஹாலுக்குள் வந்தால் ஒரு டக், மனைவி வந்தால் ஒரு டக். வந்த விருந்தாளிகள் வயரிங் கோளாறு என்று நினைத்து, தங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனின் நம்பரைத் தருகிறார்கள். கரண்ட் ஒரு நொடி கண்சிமிட்டினால் நிறம் தானாகவே மாறிவிடும். அப்போது இருவரும் ஒன்று சேர்ந்து என்னை முறைப்பார்கள்.

படுக்கையறைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு, மின்விசிறியைச் சுற்றி ஸ்பாட் லைட் வைக்கும்படி வரைபடத்தில் இருந்தது. எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "றெக்கை சுத்தற வட்டத்துக்கு மேல லைட் வெச்சா, வெளிச்சத்தை றெக்கை வெட்டும் சார். ராத்திரி பூரா டிஸ்கோதான்." வட்டத்துக்கு வெளியே தள்ளி மாட்டினார். சமையலறைக்கும் தீர்ப்பு அவருடையதே: விளக்கு மேடைக்கு நேர்மேலே இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் நம் நிழலில்தான் வெங்காயம் நறுக்க வேண்டும். குளியலறைக்கு ஐபி 44 போட்ட, தண்ணீர் தெறித்தால் தாங்கும் விளக்கு போதும். பூஜையறையில் குத்துவிளக்கு ஏற்கெனவே வேலையில் இருக்கிறது.

ராத்திரிக்கு ஜீரோ வாட் பல்ப்தான் வேண்டும் என்றாள் அம்மா. பெயரில்தான் ஜீரோ; 15 வாட் வரை சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்த ஆசாமி அது.

பால்கனிக்குக் கவிழ்த்த கிண்ணம் போட்ட டோம் லைட். பார்க்க அழகு. முதல் மழை முடிந்ததும் ஊரிலுள்ள ஈசல் அத்தனையும் எந்தச் சந்து வழியாகவோ உள்ளே போய் அங்கேயே உயிரை விட்டுவிடும். அதைக் கழற்றிக் கழுவ ஸ்டூலில் ஏறுகிறவன் நான். கீழே நின்று "இடது பக்கம் இன்னும் அழுக்கு" என்று சொல்ல மட்டும் இரண்டு கட்சிகளும் கூட்டணி வைத்துக்கொள்கின்றன.

விளக்கு வாங்கக் கிளம்பும் அன்பர்களே, டிசைனை யார் வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கட்டும். ஸ்டூலில் ஏறித் துடைக்கப் போவது யார் என்பதைப் பில் போடுவதற்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.