ஜாக்கிக் கால் துருவியல்: புவாண்ட்-கிளேர் மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியைப் பற்றிப் பேசுவோர் அதன் அடுப்பு, படுக்கை, கழிவறை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறார்கள். முகாமில் வண்டி சாயாமல் நிற்க மூலைக்கொன்றாக இறக்கப்படும் ஜாக்கிக் கால்களை அறிவுலகம் கண்டுகொள்வதேயில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் களம்: கனடாவில், மொன்றியல் தீவின் மேற்குப் பகுதியில் உள்ள புவாண்ட்-கிளேர். ஆய்வுக் காலம்: வண்டி வீட்டு வாசலில் முடங்கிக் கிடக்கும் அக்டோபர் முதல் மே வரை. கருதுகோள் ஒன்றே ஒன்று: ஜாக்கிக் கால் உழைத்துத் துருப்பிடிப்பதில்லை, சும்மா கிடந்தே துருப்பிடிக்கிறது.

துருவுக்கு இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேலை விரைவாக நடக்கும். புவாண்ட்-கிளேருக்கு உப்பு எங்கிருந்து வருகிறது என்பதே முதல் ஆய்வுச் சிக்கல். ஊரை ஒட்டிக் கிடக்கும் சென்-லூயி ஏரி நன்னீர். கடல் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால். ஊரின் அடையாளமான காற்றாலை 1709-இல் கட்டத் தொடங்கப்பட்டது. சுவர் கல் என்பதால் துருவுக்கு அது சாட்சியாக உதவாது. விடை சாலையில் இருக்கிறது. சென் லாரன்ஸ் வளைகுடாவின் மக்தலேன் தீவுகளில் 1980-களில் திறந்த சுரங்கம் ஒன்றிலிருந்து வெட்டியெடுக்கும் பாறை உப்பு கப்பலேறி கியூபெக்குக்கு வருகிறது. பனி உருக்கச் சாலைகளில் கொட்டப்படுகிறது. என்றோ வற்றிய கடலின் உப்பு, 20-ஆம் நெடுஞ்சாலை வழியாக வந்து ட்ரெயிலரின் அடிவயிற்றில் குடியேறுகிறது.

ஒப்பாய்வுக்குப் பாம்பனைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் அரிமானத்தால் தளர்ந்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியது. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அங்கே உப்பின் வல்லமை எவ்வளவு என்றால், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகங்களை வெயிலிலும் காற்றிலும் வைத்துச் சோதிக்கப் பாம்பனை அடுத்த மண்டபம் ஊரில் தனி நிலையமே வைத்திருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பாம்பனில் காற்றோடு வந்த உப்பை மழை கொஞ்சமாவது கழுவிவிடும். வண்டியின் அடிப்பகுதிக்கு மழை எட்டாது. தவிர, உப்புநீர் பூஜ்யத்துக்குக் கீழேயும் உறையாமல் கிடப்பதால், கடுங்குளிர் வந்தால் துரு ஓய்வெடுக்கும் என்று நம்பவும் வழியில்லை. சாலையில் கால்சியம் குளோரைடும் கலந்திருந்தால் இன்னும் மோசம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு காயவே மறுக்கும்.

ஜாக்கிக் கால்களுக்கு நேர்வதே பெரியவற்றுக்கும் நேரும் என்பதற்கு மொன்றியலிலேயே சான்றுண்டு. 1962-இல் திறந்த ஷாம்ப்ளேன் பாலம் சாலை உப்பை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டதல்ல, வடிகாலும் சரியில்லை. உப்புநீர் கான்கிரீட்டுக்குள் இறங்கி, உள்ளிருந்த எஃகுக் கம்பிகளைத் தின்றது. 2013-இல் ஓர் உத்தரத்தில் விரிசல் கண்டதும், அதற்கு முட்டுக்கொடுக்க 75 டன் எடையுள்ள எஃகு உத்தரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதாவது, பாலத்துக்கே ஜாக்கிக் கால் போட வேண்டியதாயிற்று. 2019-இல் திறந்த புதிய பாலத்தில் முக்கிய இடங்களில் துருவேறா எஃகுக் கம்பிகள் போட்டிருக்கிறார்கள்.

இனிப் பாதுகாப்பு. இதில் அறிஞர்கள் இரு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். கிரீஸ் கட்சியார், தடவிய இடத்தில் நீர் நிற்காது என்பர். உலர் கட்சியார், தடவிய இடத்தில் மணலும் தூசியும் ஒட்டி மரையைத் தேய்க்கும் என்பர். இருவர் சொல்வதும் சரி. இருவரும் பேசுவது வெவ்வேறு காலைப் பற்றி. கத்தரி ஜாக்கியின் திருகுமரைக்கு மெல்லிய எண்ணெய் போதும். மூட்டுகளுக்கும் பற்றவைப்பு விளிம்புகளுக்கும் ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் பூச்சு நன்றாக ஒட்டிக்கொள்ளும். கியூபெக்கில் கார்களுக்கு ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் துருத்தடுப்பு எண்ணெய் அடிக்கும் கடைகளே ட்ரெயிலரின் அடியிலும் அடித்துவிடும். ஹைட்ராலிக் காலின் பளபளக்கும் குரோம் தண்டு வேறு சாதி. அதைத் துடைத்து, உள்ளே இழுத்து வைத்துவிடுவதே மேல். வெளியே நீட்டியபடி விட்டால் குரோமின் நுண்துளை வழியாக ஈரம் புகுந்து புள்ளி விழும், புள்ளி விழுந்த தண்டு எண்ணெய்ச் சீலைக் கிழிக்கும். டபிள்யூ.டி.-40 அடித்தால் போதாதா என்போர் உண்டு. 1953-இல் சான் டியேகோவில் பிறந்து, அட்லஸ் ஏவுகணையின் மேற்தோலைக் காத்த திரவம் அது. நீரை விரட்டுவதில் கெட்டி. பனிக்காலம் முழுதும் காவல் நிற்பதில் சோம்பேறி.

எதைப் பூசினாலும் அதற்கு முன் கழுவ வேண்டும். உப்பின் மேல் பூசினால் உப்பையும் சேர்த்தே பாதுகாத்ததாகும். குளிருக்குப் பயந்து நவம்பரில் ஃப்ளோரிடாவுக்கு ஓடி ஏப்ரலில் திரும்புவோர் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வண்டியைச் சூடான கராஜில் விட்டால் பத்திரம் என்பதும் மூடநம்பிக்கையே. உப்போடு உள்ளே வந்த இரும்பு வெதுவெதுப்பில் இன்னும் வேகமாகத் துருவேறும்.

காலின் அடியில் வைக்கும் பலகையும் விவாதத்துக்குரியது. கெட்டுப்போகாதே என்று பச்சை நிறத்தில் பதப்படுத்திய மரத்தை வாங்கி வைப்பவர் மிகுந்த கவனசாலி. ஆனால் அந்த மரத்தைப் பதப்படுத்துவது பெரும்பாலும் செம்புச் சேர்மங்கள். ஈரம் பட்டதும் செம்பு, காலின் துத்தநாகப் பூச்சை அரிக்கத் தொடங்கும். காலுக்கும் மரத்துக்கும் இடையே தடித்த பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைத்தால் சிக்கல் தீரும். வீடுகளில் இதற்கு உகந்த பொருள், காய் நறுக்கும் வெள்ளைப் பலகை. அதன் உரிமை பற்றிய வழக்குகள் சமையலறையில் தீர்க்கப்பட வேண்டியவை. இவ்வாய்வின் எல்லைக்குள் வாரா.