துருத்திக்குப் பத்து நிமிசம்

(ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறை. ஜூலை மாதச் சாயங்காலம். மாமா கையிலிருந்த கிரீஸை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளைக்கு சரவணம்பட்டியில் ஐடி வேலை. பட்டறையின் ஒரே நல்ல நாற்காலியில் செல்போனோடு உட்கார்ந்திருக்கிறார்.)

மாமா: ஏங்கண்ணு, வந்ததுலிருந்து அந்தப் போனையே வெறிச்சுட்டிருக்கறே. ஊட்ல ஏதாச்சும் பிரச்னையா?

மாப்பிள்ளை: இல்லீங் மாமா. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேசுங். இன்னைக்கு மலை ஸ்டேஜ். நூத்திப் பத்து கிலோமீட்டர் ஆச்சு, இன்னும் அறுவது இருக்குது.

மாமா: இப்ப என்ன நடக்குது?

மாப்பிள்ளை: இப்போதைக்கு ஒண்ணும் நடக்கலீங்.

மாமா: எப்பலிருந்து நடக்கல?

மாப்பிள்ளை: அஞ்சு மணிலிருந்துங். அப்பப்ப ஹெலிகாப்டர்ல இருந்து கோட்டை, சர்ச்சு, மேய்ச்சக் காட்டுல மாடு எல்லாம் காட்டுவாங்க.

மாமா: கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் கூப்புட்டப்ப நேரமில்லைன்னு சொன்னவன் நீதானே?

மாப்பிள்ளை: அது வேறைங். இது மூணு வாரம், 21 ஸ்டேஜ், 3,300 கிலோமீட்டருக்குப் பக்கம். தினமும் ஒருத்தன் ஜெயிப்பான். ஆனா மொத்த நேரம் யாருக்குக் கம்மியோ அவருக்குத்தான் மஞ்சச் சட்டை. 1990ல கிரெக் லெமாண்டு ஒரு ஸ்டேஜ் கூட ஜெயிக்காம பட்டத்தை வாங்கிட்டுப் போயிட்டாரு. அதுக்கு முந்தின வருசம் இன்னும் மோசமுங். 3,285 கிலோமீட்டர் ஓட்டி, வெறும் எட்டு செகண்டுல ஜெயிச்சாரு.

மாமா: தோத்தவன் எங்கியோ நின்னு மூக்கைச் சிந்திருப்பான். அது செரி, அதென்ன மஞ்சச் சட்டை?

மாப்பிள்ளை: இந்த ரேசை 1903ல ஆரம்பிச்சதே ‘லோட்டோ’ன்னு ஒரு பேப்பர்காரங்கதானுங். விற்பனை ஏறோணும்னு ஆரம்பிச்சது. அந்தப் பேப்பரோட தாள் மஞ்சக் கலரு. 1919லிருந்து முன்னாடி இருக்கறவருக்கு அதே கலர்ல சட்டை.

மாமா: அப்ப விளம்பரத்துக்குத்தான் இத்தனை பேரு மலையேறறாங்க. நேர்மையாவாவது ஏறுனாங்களா?

மாப்பிள்ளை: (தொண்டையைச் செருமி) ரெண்டாவது வருசமே மொதல் நாலு பேர்த்தையும் தகுதியில்லைன்னு தூக்கிட்டாங்க. ரயிலேறிப் போனாங்கன்னு கூடப் புகார் இருந்துதுங். அப்புறம் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்னு ஒருத்தர் 1999லிருந்து தொடர்ந்து ஏழு தடவை ஜெயிச்சாரு. ஊக்கமருந்துன்னு 2012ல ஏழையும் பிடுங்கிட்டாங்க.

மாமா: பிடுங்கி யாருக்குக் குடுத்தாங்க?

மாப்பிள்ளை: யாருக்குமில்லீங். காலியாவே வுட்டுட்டாங்க.

மாமா: ஏழு வருசம், வருசத்துக்கு மூணு வாரம், யாருமே ஜெயிக்காத பந்தயம்! அதையும் நடையா நடந்து ரோட்டோரம் நின்னு பாத்திருக்காங்க.

மாப்பிள்ளை: நீங்க கஷ்டத்தைப் பாருங் மாமா. ஆல்ப் துவேஸ்னு ஒரு மலை. 21 கொண்டை ஊசி வளைவு. உலகமே அதைப் பேசுது.

மாமா: ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. உலகம் அதைப் பேசலியே?

மாப்பிள்ளை: நம்மூர்லயும் இருக்குதுங். 2008லிருந்து டூர் ஆஃப் நீலகிரிஸ்னு கூட்டமா ஓட்டறாங்க. கல்லட்டி ஏத்தம், 36 வளைவு.

மாமா: நீ ஓட்டுனியா?

மாப்பிள்ளை: ...ஃபாலோ பண்றேனுங்.

மாமா: கார்பன் சைக்கிள் வாங்குனியே, அது?

மாப்பிள்ளை: ஞாயித்துக்கிழமை கார் மேல கட்டி மருதமலை அடிவாரம் வரைக்கும் கொண்டு போவனுங். ரேஸ் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் கீழ இருக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குது. என்றது ஏழு கிலோதான்.

மாமா: சைக்கிள்ல கொறைச்சுட்டே. ஓட்டறவனுக்கு அளவு ஏதும் சொல்லலியா?

மாப்பிள்ளை: சிரிங்க. இதுல சைன்ஸ் இருக்குதுங். முன்னாடி போறவரு காத்தைக் கிழிப்பாரு, பின்னாடி ஒட்டிப் போறவருக்கு நெறையச் சிரமம் மிச்சம். குறுக்குக் காத்து அடிச்சா ரோட்டுல சாய்வா வரிசை கட்டுவாங்க. வரிசைல இடம் கெடைக்காதவன் தனியாச் செத்தான்.

மாமா: இதை எனக்குச் சொல்லித் தர்றியா? ஆடி மாசம் பல்லடத்துல இருந்து சூலூர் வர்றதுக்குள்ள பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மூஞ்சில அறையும். பஞ்சு லாரிக்குப் பின்னாடி ஒட்டிட்டுத்தான் வருவேன். எனக்கு யாரும் சட்டை போட்டு வுடலையே.

மாப்பிள்ளை: அங்க லாரிக்குப் பதிலா ஆளுங்க. ஒரு டீமுக்கு எட்டுப் பேரு, ஏழு பேரு ஒருத்தருக்காக ஓட்டுவாங்க. தண்ணி பாட்டிலைச் சட்டைக்குள்ள திணிச்சுக் கொண்டாந்து குடுப்பாங்க, வேணும்னா தன் சக்கரத்தையே கழட்டிக் குடுப்பாங்க. ஜெயிச்சவருக்கு அஞ்சு லட்சம் யூரோ.

மாமா: அந்த ஏழு பேருக்கு?

மாப்பிள்ளை: வழக்கமா டீமுக்குள்ள பங்கு போட்டுக்குவாங்க.

மாமா: பரவால்ல. நம்மூர்ல சில மொதலாளிகளைச் சைக்கிள்ல ஏத்தி வுடோணும்.

மாப்பிள்ளை: உங்களுக்குப் புடிக்கற கதை ஒண்ணு சொல்றனுங். 1913. யூஜீன் கிறிஸ்டோஃப்னு ஒருத்தர், தூர்மலே மலைல இறங்கறப்ப முன் ஃபோர்க்கு முறிஞ்சு போச்சு. யாரு உதவியும் வாங்கக் கூடாதுன்னு விதி. சைக்கிளைத் தோள்ல போட்டுட்டு பத்து கிலோமீட்டருக்கு மேல நடந்து, கீழ ஒரு கொல்லன் பட்டறைக்குப் போனாரு. உலை மூட்டி, இரும்பைக் காய்ச்சி, அவரே அடிச்சு ஒட்டுனாரு.

மாமா: (துணியைக் கீழே போட்டுவிட்டு) ஃபோர்க்குன்னா குழாயில்ல? எச்சாக் காய்ச்சுனா உருகிப் போவும், கம்மியாக் காய்ச்சுனா ஒட்டாது. கை தேர்ந்தவன்தான். செரி, ஒரு கை சுத்தியல், ஒரு கை குறடு. துருத்தி?

மாப்பிள்ளை: அங்கதானுங் வினை. பக்கத்துல ஒரு சின்னப் பையன் துருத்தி ஊதுனான். அதிகாரிக கூடவே நின்னு பாத்துட்டு இருந்தாங்க. உதவி வாங்கிட்டான்னு பத்து நிமிசம் அபராதம்.

மாமா: அட பாவிகளா!

மாப்பிள்ளை: அப்புறம் மூணு நிமிசமாக் கொறைச்சாங்க.

மாமா: அந்த மூணு நிமிசமும் தப்பு. உலைல கை வெக்காதவன் எழுதுன சட்டம் அது. துருத்தி இல்லாம இரும்பு எப்புடிச் சிவக்கும்? பேனா புடிச்சுட்டு நின்னாங்களே, அவிய ஊதிருப்பாங்களா?

மாப்பிள்ளை: ஆனா 1919ல அந்த மஞ்சச் சட்டையை மொதமொதல்ல போட்டது அவருதானுங். அந்த வருசமும் ஃபோர்க்கு முறிஞ்சுது. கடைசி வரைக்கும் டூரை ஜெயிக்கவே இல்லை.

மாமா: இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கறே. அந்தப் பையன் பேரு என்ன?

மாப்பிள்ளை: பையனா? அது... வந்துங்... இப்ப ஓட்டறாரே பொகாச்சர், அவரு ஜெயிச்ச ஒவ்வொரு வருசத்து டைமும் வேணும்னா சொல்றனுங். 2020, 2021, 2024, 2025...

மாமா: அது உன்றகிட்டயே இருக்கட்டும்.

(மாமா குனிந்து ஒரு மோட்டார் பாடியை இரண்டு கையாலும் பற்றுகிறார். அது தரையை விட்டு அரையடி எழும்பி, அங்கேயே நிற்கிறது. போனில் பொகாச்சர் தாக்கத் தொடங்கிவிட்டார்.)

மாப்பிள்ளை: (கண்ணை எடுக்காமல்) ஒரு கை புடிக்கட்டுங்களா மாமா?

மாமா: வேண்டாஞ்சாமி. அப்புறம் எனக்குப் பத்து நிமிசம் போட்டுருவாங்க.