மடிக்கணினியில் மடி: ஓர் எல்லையோர ஆய்வு

பாறசாலையில் ‘மடிக்கணினி’ என்று சொன்னால் அதற்கு இரண்டு பொருள். மலையாளத்தில் மடி என்றால் நாம் பிள்ளையை இருத்தும் மடியும்தான், சோம்பலும்தான். வள்ளுவர் ‘மடியின்மை’ என்று 61ஆம் அதிகாரம் வைத்ததும் இந்தச் சோம்பலை ஏசத்தான். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது; பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. வள்ளுவரின் சொல்லும் அந்தப் பக்கமே தங்கிவிட்டது போலும்.

ஆய்வுக்களம், எல்லையோரத்து உயர்நிலைப் பள்ளியின் கணினி லேப். கேரளத்தில் 2001இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்ற பள்ளிக் கணினித் திட்டம் தொடங்கியது. 2017இல் அது ‘கைட்’ நிறுவனமானது. லேப் முழுக்க லினக்ஸ். சிஸ்டம் அட்மின் வேலை பார்ப்பது கணக்கு சாரோ சயன்ஸ் டீச்சரோதான்; எஸ்.ஐ.டி.சி. (பள்ளி ஐ.டி. ஒருங்கிணைப்பாளர்) என்பது அவருக்குக் கூடுதல் பொறுப்பு. எஸ்.எஸ்.எல்.சி. ஐ.டி. பிராக்டிகல் நெருங்கினால் எல்லாக் கணினியிலும் தேர்வு மென்பொருளை ஏற்றியாக வேண்டும்.

இங்கேதான் அட்மின் இனம் இரண்டாகப் பிரிகிறது.

கைவினையர் பென்டிரைவோடு ஒவ்வொரு கணினியாக நகர்வார். 15 கணினி, ஒன்றுக்கு 8 நிமிடம் என்று வைத்தால் 2 மணி நேரம். மடியர் உட்கார்ந்த இடத்தில் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுவார். எழுத 3 மணி நேரம், ஓட 5 நிமிடம். லாபம் அடுத்த ஆண்டு வரும், அதற்குள் லினக்ஸ் பதிப்பு மாறாமல் இருந்தால். ஸ்கிரிப்ட் ஏழாவது கணினியில் முட்டி நிற்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால், ஏதோ பிள்ளையின் கால் பட்டு நெட்வொர்க் ஒயர் கழன்று கிடக்கிறது. ஒயர் சொருக ஃபார் லூப்பில் வழியில்லை.

மடியருக்கு ஆதரவாக ஒரு பெரிய சாட்சி உண்டு. 1987இல் பெர்ல் மொழியை வெளியிட்ட லாரி வால், நிரலாளரின் நற்குணங்கள் மூன்று என்றார்: சோம்பல், பொறுமையின்மை, செருக்கு. வள்ளுவருக்கு இது தெரிந்திருந்தால் இன்னோர் அதிகாரம் கிடைத்திருக்கும்.

எதிர்த்தரப்புக்குச் சாட்சி, நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளம். 2017 ஜனவரி 31 இரவு, ஊழியர் ஒருவர் சர்வர் மாறி அழித்ததில் சுமார் 300 ஜி.பி. தரவில் 4.5 ஜி.பி. மிஞ்சியது. தானாக நடக்க வேண்டிய பேக்கப், பதிப்பு பொருந்தாமல் ஓசையின்றித் தோற்றுக்கொண்டிருந்தது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. கைகொடுத்தது, 6 மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு நகல். எடுத்தவரும் அதே ஊழியர்தான். எடுத்ததோ வேறொரு சோதனைக்காக. அவரை எந்த இனத்தில் சேர்ப்பது என்று இந்த ஆய்வு இன்னும் தலையைச் சொறிகிறது.