விடையைக் கிழித்து வைத்துக்கொண்டவன்

வண்டியூர் தெப்பக்குளத்தில் எங்கள் காலத்தில் தண்ணீரைவிடக் கிரிக்கெட்தான் அதிகம். 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். வைகைத் தண்ணீர் வந்து நிறையும்படி வாய்க்கால் அமைத்துத்தான் வெட்டினார்கள். எண்பதுகளில் அந்த வைகையிலேயே மணல்தான் தெரிந்தது. தைப்பூசத் தெப்பத் திருவிழாவுக்கு எப்படியாவது ஏற்பாடு நடக்கும்; மிச்ச நாளெல்லாம் அது எங்கள் மைதானம். பந்து கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு இருட்டியதும் சுற்றுச்சுவரில் ஏறி உட்கார்ந்துகொள்வோம். அப்போது ஆடுகிற ஆட்டம் கணக்கு.

பள்ளிக்கூடக் கணக்கு இல்லை. அதில் எங்களில் பலருக்கு முப்பத்தைந்தைத் தொடுவதே பெரும்பாடு. இது புதிர்க் கணக்கு. பறந்துபோகும் குருவிக் கூட்டத்தைப் பார்த்துக் கிளையில் தனியாக இருந்த குருவி, “நீங்க நூறு பேரா?” என்று கேட்கிறது. “இல்லை. நாங்க இருக்கோம், எங்களைப் போல இன்னொரு பங்கு, எங்களில் பாதி, பாதியில் பாதி, அதோட உன்னையும் சேத்தாத்தான் நூறு” என்கிறது கூட்டம். எத்தனை குருவி?

எக்ஸ் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வரியில் முடிகிற சங்கதி. அந்த எக்ஸை அந்த வருடம்தான் பள்ளியில் கரும்பலகை நிறைய எழுதிப்போட்டார்கள். பள்ளிக்கூடத்து எக்ஸுக்கும் தெப்பக்குளத்துக் குருவிக்கும் உறவு உண்டு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நாங்களும் சந்தேகப்படவில்லை. இருபதிலிருந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தோம்.

விடை எங்களில் ஒருவனிடம் இருந்தது. அவன் அப்பா சலூன் வைத்திருந்தார்; அதனால் அவன் எங்களுக்குச் சலூன்காரன். வாடிக்கையாளர்களுக்காக வாங்கிப் போடும் வாரப் பத்திரிகைகளில் புதிர் வரும். பக்கத்தின் அடியில் விடையைத் தலைகீழாக அச்சிட்டிருப்பார்கள். இவன் முதல் ஆளாக அந்த அடித்துண்டைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் புதிரைச் சொல்லவே ஆரம்பிப்பான். அந்த ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவன் செய்த ராஜாங்கத்தை நாயக்கரே செய்திருக்கமாட்டார்.

“மாப்ள, குறிப்பாவது குடுடா.”

“வடை வாங்கு, யோசிப்போம்.”

வடை தின்றுவிட்டு அவன் தந்த குறிப்பு: “அது ஒரு ரெட்டப்படை எண்.”

அன்றிரவு எவனுக்கும் தூக்கம் இல்லை. விடியுமுன் ஒருவன் சைக்கிளில் வந்து என் வீட்டு ஜன்னலருகே “முப்பத்தாறுடா!” என்று கத்தினான். திருடன் என்று நினைத்து எழுந்த என் அப்பா சொன்ன பதிலை இங்கே அச்சிட முடியாது. விடை என்னவோ சரிதான்: முப்பத்தாறு, முப்பத்தாறு, பதினெட்டு, ஒன்பது, அப்புறம் ஒன்று.

எங்கள் தமிழய்யாவுக்கு இந்த விவகாரம் எட்டியபோது, கண்டிப்பதற்குப் பதில் கணக்கதிகாரம் என்று ஒரு பழைய நூலைப் பற்றிச் சொன்னார். காரி நாயனார் எழுதியது. நிலமளக்க, பொன்னளக்க, நெல்லளக்க வழி சொல்லும் நூல். பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எண்ணவும் அதில் வழி உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும்.

அதைச் சோதிக்காமல் விடலாமா? ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுச் சிம்மக்கல்லில் ஒரு பழம் வாங்கி சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தோம். முள் எண்ணுவதிலேயே முதல் சண்டை. காம்பைச் சுற்றி என்றால் எதுவரை சுற்றி? ஒருவன் முதல் வட்டத்தோடு நிறுத்தினான், இன்னொருவன் பழத்தின் பாதிவரை வந்துவிட்டான். ஒரு வழியாக ஓர் எண்ணுக்கு ஒத்துக்கொண்டு, பெருக்கி வகுத்துக் கரித்துண்டால் சுவரில் எழுதிவைத்துப் பழத்தை அறுத்தோம். எண்ணி எண்ணித் தட்டில் போடுவதாக ஏற்பாடு. தட்டில் விழுந்ததைவிட வாயில் விழுந்தது அதிகம். கடைசியில் கொட்டையை எண்ணலாம் என்று முடிவானபோது, சலூன்காரன் பாதிக் கொட்டையைச் சுட்டுத் தின்ன எடுத்துக்கொண்டு போயிருந்தான். காரி நாயனார் சரியா தப்பா என்பது எங்களைப் பொறுத்தவரை இன்றுவரை தீரவில்லை.

இப்போது அந்தக் கூட்டம் முழுக்க ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. காலை வணக்கத்தோடு ஒரு புதிர் வரும். மூன்று ஆப்பிள் முப்பது, ஓர் ஆப்பிளும் இரண்டு சீப்பு வாழைப்பழமும் பதினெட்டு என்று படம். மேலே ‘மேதைகளால் மட்டுமே முடியும்’ என்று சிவப்பெழுத்து. கடைசி வரியில் சீப்பில் ஒரு பழத்தைக் குறைத்து வரைந்திருப்பார்கள். கணக்கு அவ்வளவுதான், மற்றது கண்ணாடியின் பவரைப் பொறுத்தது.

இதாவது பரவாயில்லை. 2019-ல் உலகத்தையே இரண்டாகப் பிளந்த 8÷2(2+2) எங்கள் குழுவுக்கும் வந்தது. இடமிருந்து வலமாகப் போனால் 16. அடைப்பை ஒட்டி நிற்கும் 2-ஐ அதோடு சேர்த்துப் பெருக்கிவிட்டு வகுத்தால் 1. இரண்டு வழக்கமும் இருக்கிறது; கணக்கு தெரிந்தவர்கள் இப்படிக் குழப்பமாக எழுதவே மாட்டார்கள். இதைச் சொல்வதற்குள் இரண்டு பேர் குழுவைவிட்டே வெளியேறிவிட்டார்கள். சுவரில் உட்கார்ந்து சண்டை போட்ட காலத்தில் அந்த வசதி கிடையாது. கோபித்துக்கொண்டு குதித்தாலும் மறுநாள் அதே சுவருக்குத்தான் வரவேண்டும்.

புதிரைப் போட்டுவிட்டு விடைக்காகக் காத்திருந்த காலமும் உண்டு. 1911-ல் ராமானுஜன் இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில், வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலமாக முடிவில்லாமல் போகும் ஒரு கணக்கைக் கேள்வியாகப் போட்டார். ஆறு மாதம் காத்திருந்தார். ஒருவரும் அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: விடை மூன்று. இன்று போன் கேமராவைக் காட்டினால் போதும், வழிமுறையோடு வந்துவிடும். அதைப் பார்த்து எழுதிவிட்டு ‘சும்மா மனசுக்குள்ளயே போட்டேன்’ என்று குழுவில் பதில் போடுபவர், வேறு யார், சலூன்காரர்தான்.

அந்தக் காலத்தை ரொம்பவும் மெச்ச வேண்டாம். ஜன்னலில் வந்து முப்பத்தாறு என்று கத்தியவன் பல வருடம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் உண்மையைச் சொன்னான். அந்த விடையைக் கண்டுபிடித்தது அவன் அக்கா. பத்தாவதோடு படிப்பு நிறுத்தப்பட்டவர். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே போட்டுச் சொன்னாராம். அந்தச் சுவரில் உட்கார அவருக்கு அனுமதி இருந்ததில்லை. அவருடைய விடைகள் மட்டும் வந்து போயிருக்கின்றன. இப்போது அக்காவும் குழுவில் இருக்கிறார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் விடை அனுப்புகிறார், வழியோடு.

சமீபத்தில் அவர் போட்ட புதிர் எங்களை மடக்கிவிட்டது. தெப்பக்குளம் ஆயிரம் அடிக்குத் தொள்ளாயிரத்து ஐம்பது அடி என்று எழுதுகிறார்கள். பரப்பு 16 ஏக்கர் என்றும் எழுதுகிறார்கள், பல சமயம் ஒரே பக்கத்தில். ஏக்கருக்கு 43,560 சதுர அடி. வகுத்தால் 22 ஏக்கரை ஒட்டி வருகிறது. “மிச்ச ஆறு ஏக்கரை யாருப்பா தின்னது?” என்று கேட்டிருந்தார். போனைக் கேட்டோம், அது இரண்டையும் சொல்கிறது. சலூன்காரர் கும்பிடு படம் ஒன்றை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

குளம் வறண்டு கிடந்தபோது நாங்களே அளந்திருக்கலாம். ஆட்டத்துக்கு வேண்டிய இருபத்திரண்டு கஜத்தோடு நிறுத்திக்கொண்டோம். இப்போது உள்ளே தண்ணீர் நிற்கிறது, கரையோரம் சாயங்காலம் நடக்க முடியாத கூட்டம். யாரிடமாவது நீளமான டேப் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். மறுமுனையைப் பிடிக்க அக்கா தயாராக இருக்கிறார்.