காட்ஸில்லா என்றொரு குட்டி உளுவை

கேள்வி: காட்ஸில்லா என்ற பெயரில் ஒரு மீன் இருக்கிறதாமே, கப்பலைக் கவிழ்க்குமா?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: உங்கள் உள்ளங்கையில் படுக்க வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும், கப்பல் பிழைத்தது!

உளுவைக் குடும்பத்தைச் சேர்ந்த இதன் அறிவியல் பெயர் ‘வாரிகஸ் லாசெர்டா’. கரீபியன் கடலில், குராசாவ் தீவையொட்டிச் சுமார் 130 மீட்டர் ஆழத்தில் பிடிபட்டது. 2016-இல் டார்னபீன், ராபர்ட்சன், பால்டுவின் ஆகிய மூவரும் இதைப் புதிய இனமென அறிவித்தார்கள். உடம்பெல்லாம் மஞ்சளும் ஆரஞ்சும், கண்கள் பச்சை. உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, உள்நோக்கி வளைந்த பற்கள் பல வரிசை. பட்டப்பெயர் வந்தது இந்த முகவெட்டால்தான்.

பிடித்த விதம் இன்னும் சுவையானது. ‘குராசப்’ என்ற ஐந்து பேர் அமரும் நீர்மூழ்கியில் இறங்கி, இயந்திரக் கையால் மயக்க மருந்தைப் பீய்ச்சி, சொக்கிய மீனைக் குழாயால் உறிஞ்சி எடுக்கிறார்கள். தூண்டிலும் இல்லை, புழுவும் இல்லை.

பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர்தான். வலைக்கோ பாறை இடுக்குகள் எட்டாது. அதனால்தான் இத்தனை பளிச்சென்ற மீனும் இவ்வளவு காலம் நம் கண்ணில் படவில்லை. பெயர் வைக்கும் முன்பே ஓர் உயிரினம் அழிந்துபோனால், அதற்காக வருந்தக்கூட ஆளிருக்காது. ஆழ்பாறைகளைத் தேடிப் பார்ப்பது வீண்செலவு அல்ல. காப்பதற்கான முதல் வேலையே அதுதான்.