குமிழ் இல்லாத செட்

வயர்லெஸ் செட் தயாரிக்கிற கம்பெனிக்காரர்களின் மனக்கண்ணில் எப்போதும் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவராக இருக்கலாம், ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டியாக இருக்கலாம். ரேடியோ என்ற வஸ்துவின் மேல் அவருக்குத் துளியும் ஆர்வம் கிடையாது. பொத்தானை அமுக்கினால் பேச வேண்டும், விட்டால் கேட்க வேண்டும். அதற்கு மேல் அதில் ஏதாவது இருந்தால் திருகுவார், திருகிக் கெடுப்பார், கெடுத்துவிட்டு "தானாவே இப்படி ஆயிடுச்சு சார்" என்பார். ஆகவே திருகுவதற்கென்று எதையும் வைக்காமல் செய்துவிடுகிறார்கள். தொழில்முறை ரேடியோ கீழே விழுந்தால் உடையாது, தூசியில் கிடந்தால் சாகாது, சொந்தக்காரன் பேச்சைக் கேட்கவே கேட்காது.

பத்துப் பதினைந்து வருஷம் உழைத்து ஓய்ந்த பிறகு இந்த செட் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் வேடிக்கை. என்னைப் போன்ற ஹாம்களின், அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசுகிறவர்களின் கைக்கு. மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவு வைக்கிற பரீட்சையில் ஓம் விதியும் ஆன்டெனா நீளமும் எழுதித் தேறி, வி.யு.2 என்றோ வி.யு.3 என்றோ தொடங்கும் அழைப்புக்குறி வாங்கி, அப்புறம் ஆயுசு முழுக்க எதையாவது திருகிக்கொண்டே இருப்பவர்கள் நாங்கள். ராஜீவ் காந்திகூட வி.யு.2ஆர்.ஜி. என்ற குறியோடு எங்கள் கூட்டத்தில் இருந்தவர்தான். வீட்டில் மரியாதை குறையும்போதெல்லாம் இந்தத் தகவலை எடுத்துவிடுவேன். திருகக் கூடாது என்று செய்த பொருளும் திருகாமல் இருக்க முடியாத ஆசாமியும் பொருந்தாத ஜாதகம். ஆனாலும் முகூர்த்தம் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

பழக்கம் பழையது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய செட்டுகளை உலகமெங்கும் ஹாம்கள் மலிவாக அள்ளி வந்து, பிரித்து, மாற்றி, அதில் ஊர் ஊராகப் பேசினார்கள். அந்தச் செட்டுகளில் குமிழ்கள் இருந்தன. கைக்கு மூன்று வீதம் திருகலாம். இப்போது ராணுவத்தின் இடத்தில் கால் டாக்ஸியும் ஓட்டலும் தொழிற்சாலையும் வந்துவிட்டன. அமெரிக்காவில் 2013 ஜனவரி 1 முதல் தொழில் உபயோக செட்டுகள் எல்லாம் பாதி அகலமுள்ள குறுகிய சேனலுக்கு மாறியாக வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, அகலச் சேனலில் மட்டுமே பேசத் தெரிந்த நல்ல நல்ல செட்டுகள் ஒரேயடியாகக் கழிக்கப்பட்டன. அங்கேயுள்ள ஹாம்களுக்கு அது பொங்கலும் தீபாவளியும் சேர்ந்து வந்த வருஷம்.

"சீனா செட் இந்தப் பழைய செட்டைவிட மலிவாகக் கிடைக்கிறதே" என்று கேட்பீர்கள். கிடைக்கிறது. உள்ளங்கையளவு பெட்டியில் இரண்டு பேண்டு, எஃப்.எம்., டார்ச் லைட் எல்லாம் உண்டு. ஆனால் அதை எடுத்துக்கொண்டு அண்ணா சாலையில் போய் நின்றால், பக்கத்துக் கட்டடத்து உச்சியில் உள்ள ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டரும் உள்ளே புகுந்து கச்சேரி செய்யும். நமக்கு வேண்டிய குரல் மட்டும் வராது. தொழில்முறை செட்டின் ரிசீவருக்குக் காது கூர்மை. அதைவிட முக்கியம், தனக்குச் சம்பந்தமில்லாததைக் காதில் போட்டுக்கொள்ளாத குணம். இந்த ஒரு குணத்துக்காக எதையும் சகித்துக்கொள்ளலாம் என்று ஹாம் கடைக்குக் கிளம்புகிறான்.

கிளம்புமுன் காகிதம். வயர்லெஸ் செட்டை வெறுமனே வீட்டில் வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும் என்பது 1933-ஆம் வருஷத்துச் சட்டம் தொட்டு வருகிற கதை. இதை மறந்து ஆன்லைன் கடைகளில் வாக்கி டாக்கியை பொம்மைக் கார் மாதிரி விற்கப்போய், 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே அதற்கென்று வழிகாட்டு நெறி போட வேண்டியதாயிற்று. ஆகவே விற்பவரிடம் டீலர் லைசென்ஸ் இருக்கிறதா என்று நாம் பார்ப்பதும், நம்மிடம் ஹாம் லைசென்ஸ் இருக்கிறதா என்று அவர் பார்ப்பதும், பெண் பார்க்கும் படலத்தை விடக் கறாராக நடக்கும்.

சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் எனக்குப் பழக்கமான கடைக்காரர் ஒருவர், மேசைக்கடியிலிருந்து ஒரு மோட்டோரோலா ஜி.எம்.300-ஐ எடுத்து வைத்தார். வண்டியில் பொருத்துகிற ரகம். செங்கல் எடை. நெற்றியில் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். யாரோ ஒரு டிரைவர் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மறக்காமல் வைத்திருக்கிறார். மைக்கின் பொத்தானில் அவருடைய கட்டைவிரல் தேய்த்த குழி, வழவழவென்று.

"நம்ம பேண்டு வருமாண்ணே?"

"எல்லா பேண்டும் வரும் சார்."

இந்த வாக்கியத்தைக் கேட்டால் செட்டைத் திருப்பி மாடல் எண்ணைப் படிக்க வேண்டும். மூன்றாவது இடத்தில் 3 இருந்தால் வி.எச்.எஃப்., 4 இருந்தால் யு.எச்.எஃப். அதோடு முடியாது. வி.எச்.எஃபிலேயே 136 முதல் 162 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு ரகம், 146 முதல் 174 வரை இன்னொரு ரகம். இந்தியாவில் ஹாம்களுக்கு அங்கே ஒதுக்கியிருப்பது 144 முதல் 146 வரை. அதாவது இரண்டாவது ரகம், நம் காம்பவுண்டுச் சுவர் முடிகிற இடத்தில் தன் வீட்டைத் தொடங்குகிறது.

யு.எச்.எஃப். கதை இதைவிட உருக்கம். அங்கே 403 முதல் 433 வரை ஒரு ரகம், 438 முதல் 470 வரை ஒரு ரகம். நமக்கு அரசாங்கம் கொடுத்திருப்பது 434 முதல் 438 வரை. அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் மோட்டோரோலாவின் யாரோ ஒரு இன்ஜினியர் நம் ஊர் கெஜட்டை மடியில் வைத்துக்கொண்டு, நம்மை மட்டும் துல்லியமாக விட்டுவிட்டுக் கோடு போட்டிருக்கிறாரோ என்று தோன்றும். கடைக்காரரிடம் இதை விளக்கினால் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் டியூன் பண்ணிக்கலாம் சார்" என்பார். உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் ரிச்சி தெருவின் பதில் அதுதான்; பல நேரம் சரியான பதிலும்கூட.

"ஓடுமா?"

"டிஸ்ப்ளே வருது. சவுண்டு மட்டும் வரல. அதான் பாதி வெலைக்குத் தர்றேன்."

இந்த இடத்தில் விஷயம் தெரிந்த ஹாம் முகத்தில் எந்தச் சலனமும் காட்டக் கூடாது. ஜி.எம்.300-இன் முதுகில் பதினாறு முள் கொண்ட ஒரு சொருகி இருக்கிறது. அதில் 15, 16 என்ற இரண்டு முட்களையும் இணைத்தால்தான் உள்ளே இருக்கிற ஸ்பீக்கர் வாய் திறக்கும். வண்டியிலிருந்து கழற்றுகிற மெக்கானிக் சொருகியை வயரோடு பிடுங்கிப் போட்டுவிடுகிறார், செட் ஊமையாகிவிடுகிறது. உடம்பில் ஒரு குறையும் கிடையாது, மௌன விரதம் மட்டும்தான். வருத்தமான முகத்தோடு ஒரு பெருமூச்சு விட்டு, "சரி, ஸ்பேருக்கு ஆகும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் விரல் நீள ஒயர் ஒன்றை மடக்கிச் சொருகினேன். ஸ்பீக்கர் 'கர்ர்' என்று கனைத்தது. கூடத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "போலீஸா?" என்றாள்.

மிச்சம் பிடித்த காசு அன்றைக்கே போயிற்று. ஆன்டெனா சொருகுகிற வாய் மினி யு.எச்.எஃப். என்ற ரகம், நம் கேபிளின் தலை அதில் நுழையாது, நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். முழுப் பவரில் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்குத் தகுந்த பவர் சப்ளை வேண்டும். செட் வாங்குவது சம்பந்தம் பேசுவது மட்டும்தான், சீர்வரிசை தனி.

கையில் பிடிக்கிற ரகம் வாங்கினால் பேட்டரி வழியாகச் செலவு வரும். பழைய ஜி.பி.300 போன்றவற்றில் இருப்பது நிக்கல்-காட்மியம். அது விற்பனைக்கு வரும் நேரத்தில் சார்ஜரிலிருந்து எடுத்து "ஹலோ" சொல்வதற்குள் மூச்சை விட்டுவிடும். புது பேட்டரியின் விலைக்கு இன்னொரு பழைய செட் வாங்கலாம். அதிலும் பேட்டரி செத்திருக்கும். ஆனால் ஒரு லாபம் உண்டு. உறவினர் கல்யாணத்துக்கு இப்படி ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு போனேன். பார்க்கிங்கில் என்னைக் கேட்டு வண்டியை நிறுத்தினார்கள். மேடைக்கருகே கூட்டம் வழிவிட்டது. வயதான ஒருவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "அடுத்த பந்தி எப்ப சார் தொறப்பீங்க?" என்று கேட்டார். அஞ்சு நிமிஷம் என்றேன். அஞ்சு நிமிஷத்தில் திறந்தும்விட்டார்கள்.

இனிதான் உண்மையான தவம். இந்தச் செட்டில் அலைவரிசையை மாற்றக் குமிழ் கிடையாது என்று சொன்னேனே, அப்புறம் எப்படித்தான் மாற்றுவது? கம்ப்யூட்டரில் இணைத்து, கம்பெனியின் மென்பொருளால் எழுத வேண்டும். அந்த மென்பொருள் டாஸ் காலத்தது. வேகமான கம்ப்யூட்டரைக் கண்டால் தடுமாறும். 486 மாதிரி நிதானமான பிறவிகளோடுதான் ஒத்துப்போகும். யு.எஸ்.பி. அதற்குத் தெரியாது, அசல் சீரியல் போர்ட் வேண்டும். கம்ப்யூட்டருக்கும் செட்டுக்கும் நடுவில் வோல்டேஜை இறக்கிக் கொடுக்க ஒரு பெட்டி வேறு. ரேடியோவைத் தேடி அலைவதைவிட, அதனினும் கிழமான ஒரு லேப்டாப்பைத் தேடி அலைவதுதான் அதிகம்.

எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒன்றை உயிரோடு வைத்திருப்பவர் தாம்பரம் பக்கம் ஒரு பெரியவர். சி டிரைவ் தவிர அதில் எதுவும் முழுசாக இல்லை. மூடியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால்தான் திரை தெரியும். "வாங்க ஓ.எம்." என்று வரவேற்றார். ஹாம்களுக்குள் எண்பது வயதுக்காரரும் பதினாறு வயதுப் பையனும் ஒருவரையொருவர் ஓ.எம்., அதாவது 'ஓல்டு மேன்', என்றுதான் கூப்பிடுவது. நான் மூடியைப் பிடித்துக்கொள்ள, அவர் விசைகளைத் தட்டினார். 145 என்று தொடங்கும் எண்ணை அடித்ததும், 'எல்லைக்கு வெளியே' என்று மென்பொருள் மறுத்தது. பெரியவர் சிரித்தார். ஷிஃப்ட் விசையை அமுக்கிக்கொண்டே அதே எண்களை மறுபடி அடித்தார். திரையில் ஆச்சரியக்குறியும் டாலர் குறியும் வர வேண்டிய இடத்தில், மென்பொருள் சமர்த்தாக 145-ஐ ஏற்றுக்கொண்டது. மரியாதையாகச் சொன்னால் கேட்காது, அதட்டினால் கேட்கும்.

மென்பொருள் ஒத்துக்கொண்டால் போதாது, உள்ளே இருக்கிற ஆஸிலேட்டரும் அந்த அலைவரிசையில் நிலைகொள்ள வேண்டும். இல்லையென்றால் செட் கத்தும். என்னுடையது லேசாகத் திருகிக் கொடுத்ததும் அடங்கியது. ஆம், மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே திருகுவதற்கு ஏகப்பட்டவை இருக்கின்றன. டிரைவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பழைய முதலாளியின் சேனல்களை முதல் காரியமாக அழித்தோம். தவறி அதில் பொத்தானை அமுக்கினால் அது அத்துமீறல். அழிப்பதற்கு முன் பார்த்ததில், செட்டின் பூர்வாசிரமம் முழுக்கத் தெரிந்தது. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேச முடியாதபடி பூட்டு. குறிப்பிட்ட தொனி வந்தாலொழியக் காது திறக்காதபடி இன்னொரு பூட்டு. எல்லாவற்றுக்கும் மேல், ஒரே மூச்சில் 60 நொடிக்கு மேல் பேசினால் தானாகத் துண்டிக்கிற கடிகாரம். டிரைவர் மைக்கைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துவிட்டால் ஊர் முழுக்க அவருடைய எஃப்.எம். பாட்டைக் கேட்க வேண்டியிருக்குமே, அதற்கான ஏற்பாடு. "பாரிமுனையில இருக்கேன், பார்ட்டிய ஏத்திட்டேன்" என்று சொல்ல 60 நொடி தாராளம்.

ஹாமுக்கு 60 நொடி எந்த மூலைக்கு? காலை வணக்கம், உங்கள் சிக்னல் 5-9, நம்ம செட் இன்னது, ஆன்டெனா மொட்டை மாடியில் இத்தனை அடி உயரம், இங்கே வானம் மேகமூட்டம் என்று முடிப்பதற்குள்ளேயே அது தீர்ந்துவிடும். முழங்கால் வலிக்கு இன்னும் வந்தே சேரவில்லை. என் செட்டில் அதை மூன்று நிமிஷமாக ஏற்றிக்கொண்டேன். என்னைப் பார்த்து, காலையில் அலைவரிசையில் கூடிப் பேசுகிற எங்கள் குழுவில் மற்றவர்களும் அதே ரக செட் வாங்கி, என்னிடமே எழுதித் தரச் சொன்னார்கள். அதற்குள் எனக்கும் ஒரு பழைய லேப்டாப் கிடைத்திருந்தது.

அந்தக் குழுவில் ஒரு மூத்த ஓ.எம். உண்டு. தங்கமான மனிதர், மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். மலைமேல் இருந்து எங்கள் பேச்சை வாங்கித் திருப்பி அனுப்புகிற ரிப்பீட்டரே அவர் பேச்சைத் தாங்காமல் நடுவில் படுத்துக்கொண்ட நாட்கள் உண்டு. அவருடைய செட்டும் என் மேசைக்கு வந்தது. சேனல்களை ஒழுங்காக எழுதினேன், தொனியைச் சரிபார்த்தேன், பவரைச் சரிபார்த்தேன். அந்த 60 நொடியை மட்டும் தொடவில்லை.

மறுநாள் காலை, தன் பேரனின் பல் முளைத்த வரலாற்றில் பாதியில் துண்டிக்கப்பட்ட அவர், மறுபடி பொத்தானை அமுக்கி, "செட்டுல ஏதோ கோளாறு ஓ.எம்., அப்பப்ப கட்டாயிடுது" என்றார்.

"பழைய செட்டு ஓ.எம்., அப்படித்தான் இருக்கும்" என்று அலைவரிசையில் இருந்த அத்தனை பேரும், வரிசை தவறாமல் ஒவ்வொருவராக வந்து, சொன்னார்கள்.